செவலைக்கு 12 வயசு, மண்ணீரல்ல கட்டி. காலையில முடிவு சொல்லணும்

செவலைவீடு | முதல் நாள், இரவு 11.20

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், எழுதுறது இதான் முதல் தடவை. கை நடுங்குது, கோர்வையா வராது, பொறுத்துக்கோங்க.

எங்க நாய் செவலைக்கு 12 வயசு. கலப்பினம், 24 கிலோ. இன்னைக்குக் காலையில எழுந்து நின்னவன் அப்படியே பின்னங்கால் மடிஞ்சு உக்காந்துட்டான். கூப்பிட்டா கண்ணை மட்டும் திருப்புறான். உதட்டைத் தூக்கிப் பார்த்தா ஈறு காகிதம் மாதிரி வெளுத்துக் கிடக்கு. தூக்கிட்டு ஓடினோம். ஸ்கேன்ல மண்ணீரல்ல 7 சென்டிமீட்டர் கட்டி. அது கசிஞ்சு வயித்துக்குள்ள ரத்தம். பிசிவி, அதாவது ரத்தத்துல சிவப்பணு எத்தனை சதவீதம்னு பார்க்கிற அளவு, 24. குறைஞ்சது 37 இருக்கணுமாம். நெஞ்சு எக்ஸ்ரேயில எதுவும் தெரியல. ட்ரிப்ஸ் ஏறுது, இப்போதைக்கு நிலையா இருக்கான், ராத்திரி அங்கேயேதான்.

டாக்டரம்மா சொன்னது: மண்ணீரலை மொத்தமா எடுத்துடலாம், அது இல்லாம நாய் வாழும். கட்டி நல்லதா கெட்டதான்னு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாத்தான் தெரியும். விட்டா மறுபடி கசியும், எப்பன்னு சொல்ல முடியாது. காலையில 8 மணிக்கு முடிவு கேப்பாங்க.

மூணு வாரம் முன்னாடி ஒரு நாள் படி ஏறாம நின்னான். சாப்பாட்டை மோந்துட்டுத் திரும்பிட்டான். மறுநாள் பழையபடி ஓடினான். வயசாகுதுன்னு விட்டுட்டேன். அதை நினைச்சாத் தொண்டை அடைக்குது.

இந்த வயசுல கத்தி வைக்கலாமா?


மொட்டைமாடி | முதல் நாள், இரவு 11.31

முழிச்சுத்தான் இருக்கேன். எழுதிட்டே இருங்க. எங்க டாமிக்கு இதே மண்ணீரல்தான், 10 வயசுல. எடுத்தோம். நல்ல கட்டின்னு வந்தது, அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்தான். உங்களுக்கும் அப்படியே வரும்னு சொல்லல. அப்படியும் வரும்னு சொல்றேன்.


பழையவாசல் | முதல் நாள், இரவு 11.52

மனசு கஷ்டமா இருக்குங்க. நான் வேற மாதிரி முடிவு எடுத்தவ, அதையும் நீங்க கேட்டுக்கணும்.

என் ஜூலிக்கு 14. இதே மாதிரி கட்டி, கூடவே சிறுநீரகமும் இதயமும் ஏற்கெனவே தளர்ந்து போயிருந்தது. ஆபரேஷன் மேஜையிலேயே போக வாய்ப்பு அதிகம்னு டாக்டர் மறைக்காமச் சொன்னார். நாங்க அறுவை வேண்டாம்னு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். வலி மருந்து கொடுத்தாங்க. 9 நாள் இருந்தா. ஒன்பதாவது நாள் மறுபடி கசிஞ்சது, அன்னைக்கே ஊசி போட்டு அனுப்பிட்டோம். அந்த 9 நாள்ல எட்டு நாள் அவ நல்லாத்தான் இருந்தா.

12 வயசு நாயை அறுக்கணுமான்னு ஒரு தடவைக்கு ரெண்டு தடவை யோசிங்க. அறுக்காம விடுறது கைவிடுறது இல்ல.


நிழல்மரம் | இரண்டாம் நாள், அதிகாலை 12.40

விலங்குகளுக்கான அறுவைப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். உங்கள் டாக்டரின் இடத்தில் நின்று பேசவில்லை. செவலையை அவர் தொட்டுப் பார்த்திருக்கிறார், நான் பார்க்கவில்லை. காலையில் அவரோடு பேசும்போது உதவட்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் அந்த மூன்று வாரத்துக்கு முந்தைய நாள். இந்தக் கட்டிகள் சிறிதாகக் கசியும். நாய் சோர்ந்து படுக்கும். கசிவு தானாக நிற்கும், வயிற்றுக்குள் போன ரத்தத்தின் பெரும்பகுதியை உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றிரண்டு நாளில் நாய் ஓடும். மருத்துவர் வீட்டிலேயே இது நடந்து தவறவிட்டதைக் கண்டிருக்கிறேன். உங்கள் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நோயே அப்படி ஒளிந்துகொள்ளக் கூடியது.

இனி வயது. பழையவாசல் அக்கா சொன்னதில் முக்கியமானது ஜூலியின் 14 வயது அல்ல, அவளுடைய சிறுநீரகமும் இதயமும். வயது தனியாக ஒரு நோய் இல்லை. செவலையின் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு), கல்லீரல் அளவுகள், இதயம், ரத்தம் உறையும் திறன், இவைதான் மயக்க மருந்தின் ஆபத்தைக் கூட்டும் குறைக்கும். ரத்தம் வடியும் நாய் என்பதாலேயே ஆபத்து சாதாரண அறுவையைவிடக் கூடுதல், அதையும் மறைக்கக் கூடாது.

புற்றா இல்லையா என்பதற்குப் பழைய பாடக் கணக்கு ஒன்று உண்டு. மண்ணீரல் கட்டிகளில் மூன்றில் இரண்டு கெட்டவை, அந்தக் கெட்டவற்றில் மூன்றில் இரண்டு ஹீமாஞ்சியோசார்கோமா. ரத்தக்குழாயின் உட்சுவரிலிருந்து கிளம்பும் புற்று அது. வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது தற்செயலாகக் கண்ணில் பட்ட, கசியாத கட்டிகளில் நல்லவை அதிகம். கசிந்து வந்தவற்றில் கெட்டவை அதிகம். செவலை இரண்டாவது வரிசையில் நிற்கிறான். ஆனால் கட்டி பெரிதாக இருப்பதால் கெட்டது என்று எண்ண வேண்டாம், வெறும் ரத்தக்கட்டு இதைவிடப் பெரிதாக வளர்ந்து பார்த்திருக்கிறேன்.

ஹீமாஞ்சியோசார்கோமா என்றால் அறுவை மட்டும் செய்த நாய்கள் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம். டாக்ஸோரூபிசின் கீமோவும் சேர்த்தால் நான்கு முதல் ஆறு மாதம். எழுதவே கசக்கிறது. தெரியாமல் கையெழுத்துப் போடுவது அதைவிடக் கசப்பு.

காலையில் கேளுங்கள்: இதயத்தை ஸ்கேன் செய்தார்களா? இந்தப் புற்றுக்கு இதயத்தின் வலது மேலறை பிடித்த இடம். கல்லீரலில் முடிச்சு ஏதும் தெரிந்ததா? ரத்தம் கைவசம் உண்டா? அறுவைக்குப் பிறகு இரவு முழுக்க ஈசிஜி பார்க்க ஆள் இருப்பார்களா? முதல் 24 முதல் 48 மணி நேரம் இதயத்துடிப்பு தாறுமாறாவது மண்ணீரல் எடுத்த நாய்களில் அடிக்கடி நடப்பது, அந்த நேரத்தில் வெறும் கூண்டில் விட்டுப் போகக் கூடாது. எடுத்த மண்ணீரலை முழுதாகப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு துண்டு மட்டும் போனால் கெட்ட இடம் தப்பிவிடலாம்.

கடைசியாக ஒன்று. வயிற்றைத் திறந்ததும் எங்கும் பரவியிருப்பது தெரிந்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எழுப்பி, விடைபெற்று, பிறகு அனுப்புவதா, அல்லது மயக்கத்திலேயே விட்டுவிடுவதா என்று. அறுவை நடுவில் தொலைபேசி வந்து, ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டி வந்தால் யாராலும் தாங்க முடியாது.


செவலைவீடு | இரண்டாம் நாள், அதிகாலை 1.15

நிழல்மரம் அண்ணா, நன்றின்னு ஒரு வார்த்தை போதாது. அச்செடுத்து வச்சிருக்கேன். பழையவாசல் அக்கா, நீங்க எழுதினதையும் வீட்ல வாசிச்சுக் காட்டினேன். அம்மா அழுதுட்டாங்க.


பழையவாசல் | இரண்டாம் நாள், காலை 6.05

நிழல்மரம் தம்பி எழுதினது சரி. ஜூலிக்கு வயசு மட்டும் இருந்திருந்தா நானும் மேஜைக்கு அனுப்பியிருப்பேன்னு இப்ப தோணுது. நேத்து அதைச் சேர்த்துச் சொல்லியிருக்கணும். செலவுக் காகிதம் கேட்டு வாங்குங்க, குறைஞ்சது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவுன்னு ரெண்டும் எழுதித் தரச் சொல்லுங்க. ரத்தம் ஏத்தினா, ரெண்டு ராத்திரி கூடுதலா இருந்தா எங்க போய் நிக்கும்னு தெரியணும். பணத்தை யோசிக்கிறது பாசக்குறைவு இல்ல. யாராவது அப்படிச் சொன்னாக் காதுல போட்டுக்காதீங்க.


செவலைவீடு | இரண்டாம் நாள், காலை 9.10

சரின்னு சொல்லிட்டோம். சிறுநீரகம், கல்லீரல் அளவு எல்லாம் சரியா இருக்கு. இதய ஸ்கேன்ல கட்டி இல்ல. கேட்டதுக்கெல்லாம் டாக்டரம்மா உக்காந்து பதில் சொன்னாங்க. எங்கும் பரவியிருந்தா எழுப்ப வேண்டாம்னு எழுதிக் கொடுத்தோம். அப்பாதான் கையெழுத்துப் போட்டார்.

உள்ள கூட்டிட்டுப் போறப்போ வாலை ஒரு தடவை ஆட்டினான்.


மொட்டைமாடி | இரண்டாம் நாள், காலை 9.12

இங்கயேதான் இருக்கேன்.


செவலைவீடு | இரண்டாம் நாள், மதியம் 2.30

முடிஞ்சது. மண்ணீரல் வெளிய. வயித்துல ஒரு லிட்டருக்கு மேல ரத்தம் இருந்ததாம். ரத்தம் ஒரு பை ஏத்தினாங்க. கல்லீரல்ல ஒரு சின்னப் புள்ளி, அதையும் கிள்ளி அனுப்பியிருக்காங்க. அதை நினைச்சுத்தான் உறுத்துது. முழிச்சுட்டான், ஆனா ஒரே முனகல். வலியா?


நிழல்மரம் | இரண்டாம் நாள், மாலை 4.00

வலியாகவும் இருக்கலாம், மயக்க மருந்தும் ஓபியாய்டு என்ற வலுவான வலி மருந்தும் தரும் குழப்பமாகவும் இருக்கலாம். அருகில் போய் மெல்லப் பேசி, தையல் பக்கத்தில் தொட்டுப் பார்த்துத்தான் பிரித்தறிவார்கள். தொட்டால் சுருங்கினால் வலி. எதைத் தொட்டாலும் ஒன்றும் மாறாமல் ஒரே தொனியில் முனகினால் பெரும்பாலும் குழப்பம்தான், சில மணி நேரத்தில் தெளியும். அந்தப் புள்ளியை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். வயதான நாய்களின் கல்லீரலில் தீங்கில்லாத முடிச்சுகள் வெகு சாதாரணம்.


செவலைவீடு | நான்காம் நாள், இரவு 8.45

வீட்டுக்கு வந்துட்டான். முதல் ராத்திரி இதயத்துடிப்பு தவறிச்சாம், நீங்க சொன்ன அதேதான். துடிப்பைச் சீராக்குற லிடோகெயின் மருந்து ஓடவிட்டு விடிகாலைக்குள்ள சரியாச்சு. ராத்திரி ஆள் இருக்கான்னு கேக்கச் சொன்னீங்களே அண்ணா, கேக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சுக்கூடப் பார்க்க முடியல.

மார்லேருந்து கீழ வரைக்கும் நீளமாத் தையல். எப்படித் தூக்குறதுன்னே தெரியல. வயித்துக்கடியில துண்டு கொடுத்துத் தூக்கலாம்னு அப்பா சொல்றார். மூணு நாளா மலம் போகல. கூம்புக் காலரோட சுவர்ல முட்டிக்கிறான்.


மூன்றுகால் | நான்காம் நாள், இரவு 9.20

வயித்துக்கடியில துண்டு வேண்டவே வேண்டாம், நிறுத்துங்க! இடுப்பு தளர்ந்த நாய்க்குத்தான் அது. வயித்துல தையல் இருக்கிற நாய்க்கு முழு எடையும் புண்ணு மேலேயே விழும். ஒரு கை நெஞ்சுக்கு முன்னாடி, முன்னங்கால் சேருற இடத்துல. இன்னொரு கை தொடைக்குப் பின்னாடி, உக்கார வைக்கிற மாதிரி. ரெண்டு கையையும் ஒண்ணு சேர்த்து அணைச்சுத் தூக்கணும், நடுவுல வயிறு காத்துல நிக்கணும். ரெண்டு பேர் இருந்தா இன்னும் நல்லது.

நான் வளர்க்கிறது எல்லாம் வயசான நாய்ங்கதான், ஒருத்தனுக்குப் பின்னங்கால் எடுத்தாச்சு. அறுவைக்கப்புறம் ராத்திரிதான் கஷ்டம், அதைச் சொல்லித்தாறேன்.

வழவழன்னு தரை இருந்தா, படுக்கிற இடத்துலேருந்து தண்ணிக் கிண்ணம் வரைக்கும், அங்கேருந்து வாசல் வரைக்கும் வழுக்காத விரிப்பு போட்டுடுங்க. கால் சறுக்கி அகண்டா உள்ள தையல் இழுபடும். கிழவனுக்கு மூட்டு வலி வேற இருக்கும். கிண்ணத்தைக் கழுத்துயரத்துக்கு ஒரு பலகை மேல வைங்க, காலர் கிண்ணத்துக்குள்ள நுழையுதான்னு பாருங்க. நிறைய நாய் சாப்பிடாததுக்குக் காரணம் குமட்டல் இல்ல, காலர் இடிக்கிறதுதான். சாப்பிடுறப்ப பக்கத்துலயே இருந்து கழட்டிக்கலாம், முடிஞ்சதும் மாட்டிடணும். 'நான் பார்த்துக்கிறேன்'னு கழட்டி வச்சுட்டு நான் கண் அசந்த நேரத்துல மூணு தையலைப் பிடுங்கிட்டான் என் பையன். மறுபடி மயக்கம், மறுபடி தையல். 10 முதல் 14 நாள், தையல் பிரிக்கிற வரைக்கும் காலர்.

மலம் பத்திக் கவலைப்படாதீங்க. பட்டினி, வலி மருந்து ரெண்டும் சேர்ந்து நாலஞ்சு நாள் கூட ஆகும். முக்கினாலோ வாந்தி எடுத்தாலோ போன் பண்ணுங்க.

தையலைக் காலையிலயும் ராத்திரியும் ஒரே வெளிச்சத்துல படம் எடுத்து வைங்க. நம்ம கண்ணு நாளுக்கொரு மாதிரி பார்க்கும், படம் மாறாது. லேசான சிவப்பு சரி. சீழ், நாத்தம், சூடு, பிளவு எது வந்தாலும் உடனே கூட்டிட்டுப் போங்க.


நிழல்மரம் | நான்காம் நாள், இரவு 10.05

மூன்றுகால் சொன்னதற்கு மேல் மருந்து பற்றி மட்டும். வீட்டில் இருக்கும் மனிதர்களின் வலி மாத்திரை எதுவும் வேண்டாம், பாராசிட்டமாலோ இபுப்ரோஃபெனோ அரைத் துண்டுகூட. டாக்டர் தந்த வலி மருந்து மெலாக்ஸிகாம் அல்லது கார்ப்ரோஃபென் வகையாக இருந்தால், வேறு யாரும் ஸ்டீராய்டு எழுதினால் இதைச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் புண் விழும், ரத்தம் போகும். மலம் தார் போலக் கறுத்தால் மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரை அழையுங்கள்.

தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவது ஒன்று. நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் இளஞ்சிவப்பு திரும்ப வேண்டும். இந்த இரண்டையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். இரவு இரண்டு மணிக்குப் பயம் வரும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கும்.

இன்னொன்று, பலர் சொல்லாமல் விடுவது. உண்ணி. மண்ணீரல் இல்லாத நாயை உண்ணி பரப்பும் பபீசியா என்ற ரத்த ஒட்டுண்ணி மிகக் கடுமையாகத் தாக்கும். உண்ணித் தடுப்பு மருந்தை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.


செவலைவீடு | ஆறாம் நாள், காலை 7.15

மலம் போயிட்டான்! வீடே கொண்டாடுது. மூச்சு 22, ஈறு சிவப்பு.


செவலைவீடு | பதினொன்றாம் நாள், இரவு 7.30

முடிவு வந்தது. ஹீமாஞ்சியோசார்கோமா. கசிஞ்சதால ரெண்டாம் நிலைன்னு சொன்னாங்க. கல்லீரல் புள்ளி புற்று இல்ல.

கீமோ பத்திப் பேசினாங்க. ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவை, நாலு முதல் ஆறு தடவை. பெரும்பாலான நாய்ங்களுக்கு மனுஷங்க மாதிரி முடி கொட்டாதாம், ஒண்ணு ரெண்டு நாள் சோர்வு, வாந்தி இருக்கலாமாம். இதயத்தை அப்பப்ப பார்த்துக்கணுமாம்.

செவலைக்கு வண்டியில ஏறினாலே நாக்கு தொங்கி எச்சில் ஒழுகும். ஆஸ்பத்திரி வாசல்ல நடுங்குவான், சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். ராத்திரி முழுக்கப் பேசினோம். கீமோ வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம். தப்பா?


மொட்டைமாடி | பதினொன்றாம் நாள், இரவு 7.48

தப்பு இல்ல. கட்டிப்பிடிச்சுக்கிறேன்.


கீழைக்காற்று | பதினொன்றாம் நாள், இரவு 8.30

நாங்க கீமோ கொடுத்தோம், 9 வயசுக்காரிக்கு. ஊசி போட்ட மறுநாள் மட்டும் படுப்பா, மத்த நாள் பந்து தூக்கிட்டு வருவா. அவளுக்கு அங்க இருந்தவங்களைப் பிடிக்கும், வாலாட்டிட்டு உள்ள போவா. ஐந்து மாசம் கிடைச்சது. அவ நடுங்கியிருந்தா நாங்களும் கொடுத்திருக்க மாட்டோம். உங்க பையனை உங்களுக்குத்தான் தெரியும்.


பழையவாசல் | பதினொன்றாம் நாள், இரவு 9.00

இனி வரப்போற நாட்களுக்கு ஒரு வழி சொல்றேன். எனக்கு ரொம்ப உதவினது. ஆலிஸ் வில்லலோபோஸ்னு ஒரு கால்நடைப் புற்று மருத்துவர் போட்ட கணக்கு: வலி, பசி, தண்ணிச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் கூடுதலா. ஏழுக்கும் பூஜ்யத்துலேருந்து பத்து வரை மார்க். மொத்தம் 35-க்கு மேல இருந்தா ஓரளவு நல்லா வாழுதுன்னு அர்த்தம். வீட்ல ஒவ்வொருத்தரும் தனித்தனியாப் போடுங்க, ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் பார்க்காம. எங்க வீட்ல நான் 41 போட்ட அன்னைக்கு என் மக 29 போட்டிருந்தா. அவ போட்டதுதான் சரி. நான்தான் பார்க்க மறுத்தேன்.

வலியில மார்க் குறைஞ்சா மத்தது எவ்வளவு இருந்தாலும் கூட்டிப் பார்க்காதீங்க, டாக்டரைக் கூப்பிடுங்க. மூச்சுத் திணறலும் அவங்க கணக்குல வலியிலதான் சேருது.


செவலைவீடு | முப்பத்தெட்டாம் நாள், மாலை 6.10

ரொம்ப நாளா எழுதல, நல்லா இருந்ததால எழுதல. தையல் பிரிச்சாச்சு, முடி திரும்ப முளைக்குது, வயித்துல முள்ளு முள்ளா. காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, அவன் நிக்கிற இடத்துல நின்னு, அவன் மோந்து முடிச்ச பிறகு நகர்றோம். முன்னாடி கயிறை இழுத்துட்டே போவேன். சாப்பாடு லேசாச் சூடு பண்ணி வைக்கிறோம், வாசனை தூக்கலா வந்தாத்தான் வாய் வைக்கிறான். நேத்து அப்பா 52, அம்மா 55, நான் 54.


மூன்றுகால் | முப்பத்தெட்டாம் நாள், இரவு 8.00

இன்னும் நூறு நடை போங்க.


செவலைவீடு | எழுபத்து மூன்றாம் நாள், இரவு 10.30

செவலை இன்னைக்குப் போயிட்டான். அறுவைக்கு அப்புறம் 71 நாள்.

முந்தாநாள் ராத்திரி மூச்சு 38. காலையில ஈறு வெளுப்பு. ஸ்கேன்ல கல்லீரல் முழுக்க, வயித்துல மறுபடி ரத்தம். அன்னைக்கு மார்க் அப்பா 22, அம்மா 20, நான் 19. அன்னைக்கு மூணு பேரும் சொல்லி வச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல வந்தோம். அதுக்கப்புறம் பேச ஒண்ணும் இல்ல.

டாக்டரம்மா வீட்டுக்கே வந்தாங்க. முதல்ல தூங்க வைக்கிற ஊசி, பத்து நிமிஷத்துல தலை என் மடியில கனமாச்சு. அதுக்கப்புறம்தான் ரெண்டாவது ஊசி. கண்ணு மூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, கடைசியா ஒண்ணு ரெண்டு மூச்சு வந்தாலும் அவனுக்குத் தெரியாதுன்னும் சொன்னாங்க. சொல்லாம இருந்திருந்தா பயந்திருப்பேன். இதைப் படிக்கிறவங்க யாராவது அந்த நாளுக்குப் போறதா இருந்தா, என்னென்ன நடக்கும்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

71 நாள்ல கெட்ட நாள் ஆறு. நோட்டுல இருக்கு, எண்ணிப் பார்த்தேன்.


பழையவாசல் | எழுபத்து மூன்றாம் நாள், இரவு 10.41

என் கண்ணே. ஒண்ணும் எழுத வேண்டாம் இன்னைக்கு. படுங்க.


நிழல்மரம் | எழுபத்து நான்காம் நாள், காலை 6.30

வயிற்றில் ரத்தத்தோடு வந்த நாய்க்கு 71 நாளில் 65 நல்ல நாள். அறுவைப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த மேஜைக்கு அனுப்பியது சரியான முடிவு. மீதி வலி மாத்திரைகளைக் குப்பையிலோ கழிவறையிலோ போடாமல் டாக்டரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.


கீழைக்காற்று | எண்பதாம் நாள், மாலை 5.00

எப்படி இருக்கீங்க? வீட்ல இன்னொரு நாயும் இருக்குன்னு முன்னாடி வேற ஒரு இழையில சொன்ன ஞாபகம். அது எப்படி இருக்கு?


செவலைவீடு | எண்பதாம் நாள், இரவு 9.15

ஆமா, சின்னவன், 4 வயசு. அன்னைக்கு அவனைக் கதவடைச்சு வைக்கல. கிட்ட வந்து காதை மோந்தான், வாயை மோந்தான், கொஞ்ச நேரம் பக்கத்துலயே உக்காந்தான். அதுக்கப்புறம் மூணு நாள் சாப்பாட்டைப் பாதியில விட்டான். ராத்திரி வாசல் பக்கம் போய் நின்னுட்டு வருவான். நேத்துலேருந்து கிண்ணம் காலி.

செவலைக்காகப் போட்ட விரிப்பெல்லாம் இன்னும் எடுக்கல. அம்மா எடுக்கலாம்னு சுருட்டினாங்க, சின்னவன் போய் அது மேல படுத்துட்டான். அப்படியே விரிச்சு விட்டுட்டாங்க.